ரயிலுக்கென்று செய்யாத பொருளை மாதிரி ரயிலில் ஏற்றும்போது

நம் ஊர் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள தூரம் 1676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. நடுத்தரமான ஓர் ஆளின் உயரம். 1:87 அளவான எச்ஓ மாதிரி ரயிலில் அந்த ஆள் 19 மி.மீ. இருப்பார். சென்னை மூர் மார்க்கெட், ரிச்சி தெரு, ஹார்டுவேர் கடை, கொலு பொம்மைக் கடை என்று மாதிரி ரயிலுக்குப் பொருள் தேடிக் கிளம்புகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்கேலும் மனத்தில் இந்த 19 என்ற எண்ணும் இருந்தால் போதும். முதல் தவறும் பெரிய தவறும் கண்ணளவை நம்புவதுதான்.

நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் மாட வீதியில் விற்கும் பூங்கா செட் பொம்மைகள் அழகானவை. ஆனால் 5 செ.மீ. உயரப் பொம்மையை எச்ஓ பிளாட்பாரத்தில் நிறுத்தினால் அவர் பதினான்கு அடி மனிதர். கார்களும் அப்படியே. பெட்டியில் வரும் சின்ன உலோகக் கார்கள் பெரும்பாலும் 1:64 சுமாருக்கு இருக்கும். எச்ஓ கணக்கில் அம்பாசடர் 50 மி.மீ. நீளம்தான், 1:64-இல் அதே கார் 68 மி.மீ. லெவல் கிராசிங்கில் நிறுத்தினால் இன்ஜினே சின்னதாகத் தெரியும். கட்டடக்கலை மாணவர்களுக்கு 1:100 அளவில் ஆள், மரம், விளக்குக் கம்பம் விற்கும் ஸ்டேஷனரி கடைகள் இதைவிட நல்ல இடம். அவை கொஞ்சம் சிறியவை என்பதால் லேஅவுட்டின், அதாவது மாதிரி ரயில் ஓடும் மேஜை அமைப்பின், பின்பகுதியில் வையுங்கள். தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும், குறை தெரியாது. (எச்ஓ தண்டவாளத்தின் 16.5 மி.மீ. இடைவெளியே நம் அகலப்பாதைக்கு மூன்று மி.மீ. குறைவுதான். அதைச் சகித்துக்கொண்டே எல்லோரும் ஓட்டுகிறோம்.)

அடுத்தது தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் ஜல்லி. ஜல்லி வாங்கக் கடைக்கே போக வேண்டாம், வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் எம்-சாண்ட் போதும். உடைத்த கருங்கல் என்பதால் அதற்கு முனை இருக்கும். ஆற்றுமணலின் உருண்டைத் துகள் எப்படிப் பரப்பினாலும் ஜல்லியாகத் தெரியாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மின்சாரம் கசிய வழி செய்யும்.

சலிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிஜப் பாதையில் போடும் ஜல்லி 20 முதல் 65 மி.மீ. வரை. 87-ஆல் வகுத்தால் பெரிய கல்லே முக்கால் மி.மீ.தான். எஃகு டீ வடிகட்டியின் வலைமேல் ஸ்கேலை வைத்து, ஒரு செ.மீ. நீளத்தில் எத்தனை கண் என்று எண்ணுங்கள். பத்து, பன்னிரண்டு இருந்தால் சரி. அதில் இறங்குவதை எடுத்து மாவுச் சல்லடையில் மறுபடி சலித்து, மேலே தங்குவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழும் தூசி பசையோடு சேர்ந்தால் சிமென்ட்டுபோல இறுகும். பிறகு இரண்டு, மூன்று முறை கழுவி வெயிலில் காயப் போடுங்கள்.

காய்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை பாலிதீன் பையில் போட்டு மணலுக்குள் மெதுவாக இழுங்கள். வெளியே எடுத்தால் பையின்மேல் கருப்பு மயிர் முளைத்ததுபோல் துகள்கள் சிலிர்த்து நிற்கும். பையை உள்வெளியாகத் திருப்பினால் அத்தனையும் உதிரும். பையில் எதுவும் ஒட்டாத வரைக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். இன்ஜின் மோட்டாருக்குள்ளும் காந்தம் இருக்கிறது. பாதையில் விட்ட கருந்துகளை அது இழுத்துக்கொள்ளும், பல்சக்கரம் கடகடக்கும், ஒரு நாள் நின்றுவிடும். மோட்டார் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கும் செலவு இந்த ஐந்து நிமிடச் சோம்பலில் வருவது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு. மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி அதால் விடுங்கள். ஜல்லியை முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைக்காவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு போகும். பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட்டின் அசையும் பகுதிக்குப் பக்கத்தில் பசையே வேண்டாம். காயும்வரை அவ்வப்போது பாயின்ட்டை இப்படியும் அப்படியும் தள்ளிவிடுங்கள்.

சமையலறை அஞ்சறைப்பெட்டி ஒரு புதையல். கசகசா தக்காளிக் கூடை நிறைக்கும், கடுகு உரித்த தேங்காயாகும், மிளகு பாதையோரப் பாறையாகும். ஆனால் பச்சையாக ஒட்டிய கடுகு பசையின் ஈரத்திலேயே முளைவிடும். முளைக்காவிட்டால் பூச்சி வரும். வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, பொரிவதற்கு முன்னால் இறக்கி ஆறவைத்து ஒட்டுங்கள். மேலே தெளிவான வார்னிஷ் ஒரு கோட். மண்ணுக்காக டீத்தூள் சக்கை எடுப்பவர்கள் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதித்ததை எடுக்கக் கூடாது, எறும்பு வரிசை கட்டி வரும். கறுப்பு டீயின் சக்கையையும் தண்ணீர் நிறம் மாறாத அளவுக்கு அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசியில் பூஞ்சை பிடிக்கும்.

மலைக்குத் தெர்மாகோல் எடுத்தால் ஸ்ப்ரே பெயின்ட்டும் ரப்பர் பசையும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணெதிரே கரைந்து குழியாகும். ஃபெவிகாலும் தண்ணீரில் கரையும் பெயின்ட்டும் மட்டும்.

காலி டப்பாக்களை வெட்டிக் கட்டடம் கட்டுபவர்கள் முதலில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் கெட்டிப் பாலிதீன். இவற்றில் பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. ஒட்டியதுபோலத் தெரிந்து ஒரு மாதத்தில் தோலாக உரியும். 6 பாலிஸ்டைரீன், மாதிரி ரயில் பெட்டிகளே பெரும்பாலும் அதில்தான் வருகின்றன, பிளாஸ்டிக் சிமென்ட்டில் கல்போல ஒட்டும். பழைய சிடி பெட்டியும் அதே பொருள், ஜன்னல் கண்ணாடிக்கு அருமை. அதை சூப்பர் க்ளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து வெள்ளையாக மங்கிவிடும். ஃபெவிகாலை ஓரத்தில் மட்டும் தொட்டு வையுங்கள்.

மேல்நிலை மின்கம்பிக்குத் தையல் நூல் கட்டாதீர்கள். பிசிறும் தெரியும், ஈரத்தில் தொய்யும். நிஜக் கம்பி சுமார் 12 மி.மீ. தடிமன், மாதிரியில் 0.14 மி.மீ. மோட்டார் காயில் கட்டும் கடையில் 38 கேஜ் தாமிரக் கம்பி கேளுங்கள், ஏறக்குறைய அதே அளவு.

பழைய பொருள் கடையில் மாதிரி ரயிலுக்கென்றே செய்த இன்ஜினே கையில் சிக்கினால் சந்தோஷத்தில் உடனே பாதையில் வைத்துவிடக் கூடாது. பழைய மார்க்லின் எச்ஓ, மூன்று தண்டவாள ஹார்ன்பி டப்ளோ ஆகிய கம்பெனி மாதிரிகளின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு உள்ளவை. இரண்டு தண்டவாள டிசி (நேர்மின்சார) பாதையில் வைத்த நொடியில் ஷார்ட். அகலம் ஒன்றே என்பதால் கண்ணுக்குத் தெரியாது, மல்டிமீட்டருக்குத் தெரியும். வேகனில் ஒரே அச்சின் இரு சக்கரத்திலும் முனைகளை வைத்தால் பீப் வரக் கூடாது. இன்ஜினில் மோட்டார் வழியாகச் சில ஓம் காட்டலாம், அது பரவாயில்லை. பூஜ்யம் காட்டினால் விட்டுவிடுங்கள். 1930-களின் துத்தநாக வார்ப்பில் நுண்விரிசலோ உப்பலோ தெரிந்தாலும் அப்படியே. அந்த உலோகம் உள்ளுக்குள்ளேயே உதிர்கிறது, ஒட்டிப் பயனில்லை. பழைய தண்டவாளம் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. கடலோர ஊர்களில் அது துருவுக்குத்தான்.

வீட்டில் கிடக்கும் அடாப்டரில் 12 வோல்ட் என்று படித்ததோடு நிறுத்தாமல் வெளியீட்டின் பக்கத்தில் உள்ள குறியையும் பாருங்கள். அலைக்கோடு போட்டிருந்தால் ஏசி, அதாவது மாறுமின்சாரம். டிசி இன்ஜின் அதில் ஓடாது, ஹம் என்று முனகிக்கொண்டே சூடேறும். நேர்கோடும் கீழே புள்ளிக்கோடும் இருந்தால்தான் டிசி. திருவிழா சீரியல் செட்டை அப்படியே லேஅவுட்டில் இழுத்து விடுவது உயிருக்கே ஆபத்து. பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, 230 வோல்ட் நேராகவே விளக்குகளுக்கு வருகிறது. எல்இடிகளை மட்டும் வெட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்து 12 வோல்ட் டிசியில் கொடுங்கள். வெள்ளை எல்இடிக்கு 9 மில்லி ஆம்பியர் வரும், ஸ்டேஷன் விளக்குக்கு அதுவே பிரகாசம். பாதைக்குப் போகும் ஒரு கம்பியில் 1 ஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்றையும் தொடராகப் போட்டுவிடுங்கள். வேகன் தடம்புரண்டு குறுக்கே கிடக்கும்போது அது சூடாகி மின்சாரத்தைத் தடுக்கும். வேகனைத் தூக்கி வைத்து, ஆறியதும் தானே பழையபடி விடும்.