இங்கிலீஷ் 1301: தேர்வெழுதி முடிப்பதா, இணைய வகுப்பில் சேர்வதா?

டெக்சஸ் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் நீங்கள் கணக்குப் பதிவியலில் சேர்ந்தாலும் செவிலியர் படிப்பில் சேர்ந்தாலும், தொடக்கத்திலேயே முடிக்கச் சொல்வது இங்கிலீஷ் 1301 என்னும் கட்டுரைப் பாடத்தைத்தான். பெரும்பாலான பட்டங்களுக்கு அதையடுத்து 1302-உம் உண்டு. ஒவ்வொன்றும் 3 கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகு). ஊரில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் என்று நான்கு செமஸ்டர் எழுதித் தேறி வந்த நமக்கு, அந்தப் பகுதி 2 இங்கே ஈடாகிவிடும் என்ற நம்பிக்கை இயல்பாகவே இருக்கும். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்து முடித்து, கணவரின் வேலை காரணமாக எச்-4 விசாவில் டாலஸ் பக்கம் வந்து, செவிலியர் ஆவது என்று முடிவெடுத்த எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பெற்ற அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வேதியியல் பாடங்களுக்குக் கிரெடிட் கிடைத்தது, ஆங்கிலத்துக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளில் படித்த கட்டுரைப் பாடத்தை 1301-க்கு ஈடாக இங்குள்ள பல கல்லூரிகள் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே இந்தப் பாடத்தை நம்மில் பலர் இங்கே வந்துதான் முடித்தாக வேண்டும். அதை எந்த வழியில் முடிப்பது என்பதில் நான் செய்த தவறு எனக்கு ஓர் ஆண்டைச் செலவு வைத்தது. உங்களுக்கு அப்படி நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

சேர்க்கை நடைமுறைகளை விரிவாகச் சொல்லப் போவதில்லை. விண்ணப்பம், சான்றிதழ் மதிப்பீடு, டிஎஸ்ஐ எனப்படும் தகுதித் தேர்வு அல்லது அதிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சேர்க்கை அலுவலகமே வரிசையாகச் சொல்லிவிடும். எச்-4 விசாவில் இருப்பவர்களும் 12 மாதம் டெக்சஸில் குடியிருந்ததற்கான ஆவணங்களைக் காட்டி மாநிலவாசிக் கட்டணம் கேட்கலாம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெளி மாநிலத்தவருக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது.

இனி தேர்வைப் பற்றி. காலேஜ் போர்டு என்னும் தேர்வு அமைப்பு 1967 முதல் நடத்திவரும் கிளெப் தேர்வுகளில் தேறினால், வகுப்பில் உட்காராமலே கிரெடிட் பெறலாம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது ஏஸ் எனப்படும் அமெரிக்கக் கல்விக் குழுவின் பரிந்துரை. கட்டணம் 100 டாலரை ஒட்டி இருக்கும். தேர்வு மையம் தன் பங்குக்குத் தனியாக ஒரு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்னும் தொண்டு நிறுவனத்தின் இலவசப் பாடத்தை முடித்தவர்களுக்கு அந்த நிறுவனமே தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் தருகிறது. ஒரு கல்லூரிப் பாடத்துக்குச் செலுத்தும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆங்கிலக் கட்டுரைக்கு இரண்டு கிளெப் தேர்வுகள் இருக்கின்றன என்பதையும், பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு என்பதையும் கவனமாகப் படியுங்கள். 'காலேஜ் காம்போசிஷன்' என்பதில் 55 நிமிடத்தில் 50 கேள்விகளும், 70 நிமிடத்தில் இரண்டு கட்டுரைகளும் உண்டு. இரண்டாவது கட்டுரையில், அங்கேயே தரப்படும் இரண்டு பகுதிகளைப் படித்து, அவற்றை மேற்கோள் காட்டி உங்கள் வாதத்தை அமைக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள் படித்துத் திருத்துவதால் மதிப்பெண் வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஏஸ் இதற்கு 6 கிரெடிட் பரிந்துரைக்கிறது. 'காலேஜ் காம்போசிஷன் மாடுலர்' என்பதில் 95 நிமிடத்தில் 90 கேள்விகள். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. கட்டுரை வேண்டும் என்று உங்கள் கல்லூரி கருதினால் அதைக் கல்லூரியே தனியாக வைத்துக்கொள்ளும். மதிப்பெண் அன்றைக்கே தெரிந்துவிடும். இதற்குப் பரிந்துரை 3 கிரெடிட்தான். முதலாவது தேர்வை மட்டும் ஏற்று, மாடுலரைச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரிகள் உண்டு. தவறினால் மீண்டும் எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

நான் மாடுலரைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு முன்பே இங்கு வந்துவிட்ட மதுரைக்கார அக்கா ஒருவர் அதை எழுதித்தான் தம் பட்டத்தை முடித்திருந்தார். கட்டுரையே எழுத வேண்டியதில்லை என்றதும் எனக்கு மனம் நிம்மதியாயிற்று. ஆறு வாரம் படித்தேன். தேர்வு மையத்தில் கைப்பையையும் கைப்பேசியையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கணினியின் முன் உட்கார்ந்து, கடைசிக் கேள்வியை முடித்து பொத்தானை அழுத்தியபோது திரையில் 63 என்று வந்தது. அன்று மாலை அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்ததும், அவர் அடுத்த நாள் கோவிலில் அர்ச்சனை செய்ததும் இன்றும் நினைவிருக்கிறது. நான் சேர்ந்திருந்த கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) அட்வைசரிடம், அதாவது பாட ஆலோசகரிடம், தேர்வுக்கு முன்பே கேட்டிருந்தேன்; ஏற்றுக்கொள்வோம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். சொன்னபடியே டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பட்டியலில் இங்கிலீஷ் 1301 என்று ஏறியது. எதிரே ஏ, பி என்று கிரேடு இல்லை. கிரெடிட் உண்டு என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. அதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, உடற்கூறியல், நுண்ணுயிரியல், உளவியல் எல்லாவற்றையும் நல்ல கிரேடுகளோடு முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தின் செவிலியர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். முன்தேவைப் பாடங்கள் ஒவ்வொன்றிலும் எழுத்து கிரேடு இருக்க வேண்டும், அவற்றின் ஜிபிஏவை, அதாவது கிரேடுகளின் சராசரியை, வைத்துத்தான் வரிசைப்படுத்துவோம், தேர்வின் மூலம் பெற்ற கிரெடிட்டைக் கணக்கில் கொள்ள இயலாது என்று பதில் வந்தது. அந்தப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் சேர்க்கை. உடனே 1301-இல் சேர்ந்துவிடலாம் என்று பதிவு செய்யப் போனால், அந்தப் பாடத்துக்கு ஏற்கெனவே கிரெடிட் இருக்கிறது என்று கணினி தடுத்துவிட்டது. துறைக்கு எழுதி அனுமதி வாங்கும் முன் செமஸ்டர் தொடங்கிவிட்டது. சேர்க்கைக்கான கடைசி நாளும் போய்விட்டது.

யார் மீது குற்றம் என்று பல நாள் கொதித்துக்கொண்டிருந்தேன். அட்வைசர் பொய் சொல்லவில்லை. அக்காவும் தவறாக வழிகாட்டவில்லை. அவர் முடித்தது வணிகப் பட்டம், அங்கே எவரும் கிரேடு கேட்கவில்லை. 'ஏற்றுக்கொள்வோம்' என்ற ஒரே சொல்லுக்கு இங்கே மூன்று பொருள் இருக்கிறது, அதை எவரும் பிரித்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. முதல் பொருள், மொத்த கிரெடிட் கணக்கில் சேர்த்துக்கொள்வோம் என்பது. அப்போது அது விருப்பப் பாடமாக ஏறி நிற்கும், 1301-ஐ நீங்கள் மீண்டும் படித்தாக வேண்டும். இரண்டாவது, 1301 என்ற அந்தப் பாடத்துக்கே ஈடாகக் கொள்வோம் என்பது. மூன்றாவது, நீங்கள் சேர விரும்பும் படிப்பின் முன்தேவையாகவும் கொள்வோம் என்பது. எனக்குக் கிடைத்தது இரண்டாவது, தேவைப்பட்டதோ மூன்றாவது. கல்லூரி மாறும்போது இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒரு கல்லூரி கிளெப் மதிப்பெண்ணுக்குக் கொடுத்த கிரெடிட்டை அடுத்த கல்லூரி அப்படியே எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டதில்லை. காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணை நேரடியாக வரவழைத்துத் தன் விதிப்படி பார்க்கும். மாநிலத்துக்கு மாநிலமும் வேறுபாடு உண்டு. கலிபோர்னியாவின் யூசி பல்கலைக்கழகங்கள் கிளெப் தேர்வுகளுக்கு நெடுங்காலமாகவே கிரெடிட் தராதவை. கணவரின் வேலை எந்த மாநிலத்துக்கு மாறுமோ என்ற நிலையில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இணைய வகுப்பு என்று சொல்லும்போதும் ஒரே பொருளை நினைக்க வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் நடத்தும் இணைய வகுப்பு, வளாகத்தில் நடக்கும் வகுப்புக்குச் சமமானது. ஆசிரியர் உண்டு, கெடு உண்டு, கிரேடு உண்டு. டெக்சஸ் பொதுப் பாட எண் இருப்பதால் மாநிலத்தின் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் எளிதில் மாறும். 16 வாரமாகவும் எட்டு வாரமாகவும் நடத்துகிறார்கள். சோஃபியா போன்ற தனியார் இணையப் பாட நிறுவனங்கள் வேறு வகை. மாதச் சந்தா கட்டி, உங்கள் வேகத்தில் முடிக்கலாம். கட்டுரைகள் எழுதியே ஆக வேண்டும் என்றாலும் இறுதியில் கிடைப்பது ஏஸ் பரிந்துரைத்த கிரெடிட்தான், எழுத்து கிரேடு அல்ல. அதாவது, என் சிக்கலுக்கு அது தீர்வாகியிருக்காது. அந்த நிறுவனத்தோடு உடன்பாடு உள்ள கல்லூரியில் பட்டம் முடிக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. சான்றிதழ் மட்டும் தரும் இலவசப் பாடங்கள் மூன்றாவது வகை. பயிற்சிக்கு உதவும், டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு உதவாது.

விசா பற்றி ஒரு வார்த்தை. எஃப்-1 மாணவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் முழுநேரமாக, இளநிலையில் 12 கிரெடிட், படித்தாக வேண்டும். அந்த 12-இல் ஓர் இணைய வகுப்பு, அதாவது 3 கிரெடிட், மட்டுமே கணக்கில் வரும். கிளெப் கிரெடிட் அந்த 12-இல் சேராது. எஃப்-2 விசாவில் இருக்கும் துணைவர்கள் பகுதிநேரமாக மட்டுமே பட்டப் படிப்பு படிக்கலாம். எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை.

மறு ஆண்டு எட்டு வார இணைய வகுப்பில் 1301-ஐப் படித்தேன். அதன் முதல் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்கள் அஞ்சுவது அங்கேதான். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டதைப் பற்றி எழுதினேன். பள்ளியில் மனப்பாடம் செய்த முன்னுரையும் முடிவுரையும் கை தானாகவே எழுதிவிட்டன. நீரின் அருமை, முன்னோர் பெருமை, நம் கடமை என்று இரண்டு பக்கம். சி கிரேடோடு திரும்பி வந்த தாளின் ஓரத்தில், இதை யார் சொல்கிறார்கள், நீங்கள் நேரில் கண்டது என்ன என்று ஆசிரியர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கிய சாம்பல் நிறக் குழாயையும், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியையும், முதல் மழையில் அது நிரம்பும் முன் அப்பா குடை பிடித்துக்கொண்டு சருகுகளை அள்ளிப் போட்டதையும் எழுதினேன்; அந்தச் சட்டத்தைப் பற்றிய செய்தியை எங்கிருந்து எடுத்தேன் என்று எம்எல்ஏ எனப்படும் மேற்கோள் முறைப்படி குறித்தேன். எழுதி முடித்தபோது அழுகை வந்தது. அந்தக் கட்டுரைக்கு ஏ கிடைத்தது. கைடிலிருந்து எழுதுவதை நம் பள்ளிகள் உழைப்பாகப் பார்த்தன; இங்கே ஆதாரம் குறிக்காமல் இரண்டு வரி எடுத்தாலும் அது திருட்டு, கல்லூரியிலிருந்தே நீக்கப்படலாம். இந்த வேறுபாட்டை 90 கேள்விகள் எனக்குக் கற்றுத்தரவில்லை. பின்னாளில் நோயாளியைப் பற்றிய குறிப்பு எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த ஆசிரியரின் ஓரக் குறிப்பு எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே செவிலியர், பல் மருத்துவம், இயன்முறை மருத்துவம் என்று ஜிபிஏ பார்த்துச் சேர்க்கும் படிப்புகளுக்குப் போகிறவர்கள் கம்யூனிட்டி காலேஜ் வகுப்பிலேயே சேருங்கள். வணிகம், கணினி போன்றவற்றில், சேரப்போகும் கல்லூரி எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டால், தேர்வு எழுதுங்கள். அப்போதும் கட்டுரை உள்ள தேர்வையே எழுதுங்கள், 6 கிரெடிட் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. எதற்கும் பணம் கட்டும் முன், இப்போது படிக்கும் கல்லூரிக்கு அல்ல, இறுதியாகப் பட்டம் பெறப் போகும் படிப்பின் சேர்க்கைக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கிளெப் காலேஜ் காம்போசிஷன் தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தால் அது எந்தப் பாட எண்ணாக ஏறும், எழுத்து கிரேடு இல்லாத கிரெடிட் உங்கள் படிப்பின் முன்தேவையை நிறைவு செய்யுமா, ஜிபிஏ கணக்கில் அது எப்படி நடத்தப்படும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் தொலைபேசியில் வந்தாலும், மின்னஞ்சலில் அனுப்புமாறு மீண்டும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் முதலில் 1301 வகுப்பில் இடம் பிடித்து வையுங்கள். டெக்சஸ் கம்யூனிட்டி காலேஜ்களில் செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன் விலகினால் பாடக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், தொடங்கிய பின் 70 விழுக்காடாகவும் பிறகு 25 விழுக்காடாகவும் குறைந்துவிடும்.