“ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்” என்பதற்குப் பதிலாக

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது நாம் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது: “ஏதாவது வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள்.” மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவரின் நிலையைப் பாருங்கள். மனைவிக்கு அறுவை சிகிச்சை, வீட்டில் சின்னப் பிள்ளைகள், வேலையில் எடுக்க விடுப்பு மிச்சமில்லை. இனி அவர் தனக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டும், யாரிடம் கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட வேண்டும், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போன் செய்ய வேண்டும். இத்தனையையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

நான் மருத்துவமனை வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது சபையில் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் சந்திக்கப் போகும் குழுவில் இருக்கிறேன். குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய பணமோ, பேச்சுத் திறமையோ, வேதாகமக் கல்லூரிப் படிப்போ இதற்குத் தேவைப்படாது.

கேட்க வேண்டுமா, கேட்காமலே செய்ய வேண்டுமா?

இயேசு சொன்ன கதையில், எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன், அதாவது யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தைச் சேர்ந்தவன், எதுவும் கேட்கவில்லை. கிட்டே போனான், காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான். குற்றுயிராகக் கிடப்பவனிடம் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் அதே எரிகோவுக்கு வெளியே, கண் தெரியாத பர்திமேயு கூப்பிட்டபோது ஆண்டவர் இயேசு அவனிடம், “நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார். அவனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவனே வாய் திறந்து சொல்லட்டும் என்று விட்டார்.

நான் இந்த இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். யோசிக்கவும் தெம்பில்லாமல் விழுந்து கிடப்பவருக்குக் கேட்காமல் செய்யுங்கள். பேசக்கூடிய நிலையில் இருப்பவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது வேலையையும் நாளையும் நீங்களே சொல்லிவிடுங்கள். “வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வரட்டுமா?” “சனிக்கிழமை மருந்துக் கடைக்குப் போகிறேன், சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறீர்களா?” இதற்குப் பதில் சொல்ல ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ போதும். படுத்திருப்பவருக்கு அதற்கு மேல் சக்தி இருக்காது.

என்ன வேலை என்று யோசிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேலைகளைத் தேடுங்கள். சாப்பாடு கொண்டுபோக எப்படியும் நாலு பேர் வருவார்கள், அதுவும் ஒரே நாளில். குப்பையை வெளியே வைப்பது, மின் கட்டணம் கட்டுவது, துணி துவைத்து மடிப்பது, காப்பீட்டுப் படிவத்தை நிரப்புவது, வயதானவரை வங்கிக்கு அழைத்துப் போவது, இதற்கெல்லாம் ஆள் வருவதில்லை. சாப்பாடுதான் கொண்டுபோகிறீர்கள் என்றால், திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். யாருடைய டப்பா எது என்று கண்டுபிடித்துக் கழுவித் திருப்பிக் கொடுப்பதே துக்க வீட்டில் பெரிய வேலையாகிவிடுகிறது.

படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது

இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு வருகிறவர்களாலேயே நோயாளி களைத்துப்போவதை வார்டில் தினமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் போன் செய்து, வரலாமா என்று கேளுங்கள். உங்களுக்குச் சளி இருந்தால் போகவே போகாதீர்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், மருந்து சாப்பிடுகிறவருக்கு அது குமட்டும். உள்ளே போகும் முன்னும் வெளியே வந்த பின்னும் கையைக் கழுவுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கழுத்தைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். போர்வைக்கு அடியில் என்ன குழாய் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டால்கூட நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கலாம், பக்கவாதத்தால் விழுங்க முடியாதவராக இருக்கலாம்.

கால் மணி நேரம் போதும். கண் சொருகினால், பதில் சுருங்கினால், அதற்கு முன்பே எழுந்துவிடுங்கள்.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். “எங்கள் சித்தப்பாவுக்கும் இதேதான்” என்று ஆரம்பிக்கும் கதை எதையும் சொல்லாதீர்கள். அந்தச் சித்தப்பா பிழைத்திருந்தாலும் வேண்டாம். “எல்லாம் தேவ சித்தம்” என்று உங்களைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், வலியில் இருப்பவரிடம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களை நாம் கேலியாகப் பேசுகிறோம். ஆனால் வந்த முதல் ஏழு நாள் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டுப்போயிற்று. நோயாளி பேச விரும்பினால் கேளுங்கள். நோயைப் பற்றியே பேச வேண்டும் என்றில்லை. பலருக்கு வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்பதுதான் கவலையாக இருக்கும்.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்றும் அவரிடமே கேளுங்கள். “இன்றிரவு தூக்கம் வர வேண்டும்” என்பார். அதையே சொல்லி ஜெபித்தால் போதும், பிரசங்கத்தை ஜெபத்துக்குள் கொண்டுவர வேண்டாம். குரலைத் தாழ்த்துங்கள். பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வேறு நம்பிக்கை இருக்கலாம், அவருக்கும் தலை வலிக்கலாம். புறப்படும்போது அவரையும் பார்த்து நலம் விசாரியுங்கள். யாருமே பார்க்க வராத கட்டில் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

நினைவில்லாமல் இருப்பவரிடமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவருக்குக் கேட்கலாம். அவரைப் பற்றிய பேச்சை அவர் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்

வருகிறவர்கள் எல்லோரும் நோயாளியைத்தான் பார்க்கிறார்கள். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கும் மகளை யாரும் பார்ப்பதில்லை. சூரைச்செடியின்கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் வசனம் எதுவும் பேசவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தவனைத் தூங்கவிட்டு, மறுபடியும் வந்து சாப்பிடச் சொன்னான். கூட இருப்பவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இதுதான்: சாப்பாடு, ஒரு குளியல், நான்கு மணி நேரத் தூக்கம். “நான் இங்கே இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வா” என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள். சபையில் யார் யார் எந்த இரவு என்று முறை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

துக்க வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடக்க ஆராதனைக்கு எல்லோரும் வருவார்கள். ஒரு மாதம் கழித்துப் போகிறவர்களை விரலில் எண்ணிவிடலாம். இறந்தவரின் நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வருடம் அதே நாளில் கூப்பிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அழுவார்களே என்று பயப்பட வேண்டாம், ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள்.

கொடுப்பது

வேதாகமத்தில் வயலின் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரர்களிடம் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று, அறுத்து வைத்த அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடச் சொன்னான், அவளை அதட்டக் கூடாது என்றும் சொன்னான். அவளைக் கூப்பிட்டு, நான் எவ்வளவு தருகிறேன் பார் என்று காட்டவில்லை. அன்று சாயங்காலம் அவள் தன் உழைப்பில் சேர்த்ததாகவே மாமியாரிடம் கொண்டுபோனாள்.

ஆகவே பணம் கொடுத்தால் மூடிய உறையில், தனியாக இருக்கும்போது கொடுங்கள். கடனா அன்பளிப்பா என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அன்பளிப்பாகவே இருக்கட்டும், கடன் கொடுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கஷ்டமாகிவிடும். பழைய துணி கொடுப்பதானால், அதை உங்கள் சகோதரிக்குக் கொடுப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள். யோப்பா ஊரில் ஏழைகளுக்கு உதவி வந்த தொற்காள் என்ற பெண் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினது அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும். அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் கொடுத்த துணியை யாரும் அப்படிக் காட்டப் போவதில்லை.

அப்புறம் இந்தப் புகைப்படம். உதவி வாங்குகிறவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று கேட்டவர்கள் நாம், இடதுகையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கணக்குக்கு ரசீது இருக்கிறது.

உதவி வாங்கியதால் அவர் சபைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இதே ரகம்தான். ஆண்டவர் சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார், ஆனால் அவர்களுக்குக் கிடைத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக எழுதப்படவில்லை.

சிறையில் இருப்பவர்

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவர், நோயாளி, சிறையில் இருப்பவர் என்று ஆண்டவர் சொன்ன பட்டியலில் நாம் தாவிப் போகும் இடம் இது. நேரில் பார்க்க அனுமதி கிடைக்காமல் போகலாம். கடிதம் எழுதலாம். வெளியே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கலாம். தப்பு செய்யாமலே தண்டனை அனுபவிக்கிறவர்கள் அவர்கள், சபையில் கடைசி வரிசைக்கு நகர்ந்து, பிறகு வராமலே போய்விடுகிறார்கள். அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்துகொண்டு தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவிடம் கேட்டதைப் பாருங்கள்: துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், பிறகு மாரிகாலத்துக்கு முன் நீ வந்து சேர். அப்போஸ்தலருக்கும் குளிர்ந்திருக்கிறது.

சத்திரக்காரனிடம் ஒப்படைப்பது

அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போய்விட்டான் என்பதை நாம் கவனிப்பதில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஒரு பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். பார்த்துக்கொள், அதிகமானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். தன் பயணத்தை விட்டுவிடவில்லை, அடிபட்டவனையும் விட்டுவிடவில்லை.

உங்களால் முடியாத காரியத்துக்கு ஒரு சத்திரக்காரன் வேண்டும். போதகர், மருத்துவர், மனநல ஆலோசகர், வழக்கறிஞர் என்று நம்பகமான சிலரின் எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே உதவி செய்யத் தெரிந்தவரிடம் கொண்டு சேருங்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் பொறுத்துக்கொள், ஜெபி என்று சொல்லி அனுப்புவதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். அவளுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும்.

ஒப்படைத்த பிறகு ‘திரும்பி வரும்போது’ என்ற பகுதியை மறக்கக் கூடாது. அடுத்து எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நாளில் போங்கள். போக முடியாவிட்டால் முந்தின நாளே தெரிவித்துவிடுங்கள். படுக்கையில் இருப்பவர் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆரம்பிக்க ஒரு ஆள் போதும். பெயரை எழுதுங்கள், பக்கத்தில் ஒரு வேலை, ஒரு நாள். போன் செய்து கேளுங்கள். வேண்டாம் என்றால், சரி என்று விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள், மனத்தாங்கலும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலையைச் சொல்லி மறுபடி கேட்டுப் பாருங்கள்.