பழைய கம்பெனியைப் பற்றிக் கேட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது அண்ணா, சேரலாமா?" என்று காலேஜ் ஜூனியர் கேட்டால், நம்மில் பலர் "நல்ல கம்பெனிதான், போய்ப் பாரேன்" என்று சொல்லிவிடுவோம். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்ற எண்ணம். ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் அவர் கையில் இருக்கும் வேலைக்குப் பேப்பர் போடப் போகிறார். சம்பளம் மாதக்கணக்கில் இழுத்தடித்து வந்ததையோ, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டதையோ தெரிந்தே சொல்லாமல் விட்டால், அது பொய் சொன்னதற்குச் சமம்தான்.

"அந்தப் பக்கமே போயிடாதே" என்பதும் உதவாது. உங்களுக்கு ஒரு மேனேஜரோடு ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். ஜூனியர் சேரப்போவது வேறு டீம். அதனால் தீர்ப்புச் சொல்லாமல், எந்த வருடம், எந்த டீம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "2021 வரை சப்போர்ட்டில் இருந்தேன். நைட் ஷிஃப்டுக்கு கேப் வரும், அலவன்ஸும் சரியாக வரும். அப்ரைசல் மட்டும் இரண்டு வருடம் நடக்கவே இல்லை." இவ்வளவு போதும். மிச்சத்தை எச்ஆரிடம் என்ன கேட்பது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

கேள்விப்பட்டதை நேரில் பார்த்ததுபோல் சொல்வது இன்னொரு தவறு. "பிஎஃப் ஒழுங்காகக் கட்ட மாட்டார்கள்" என்ற பேச்சையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கான பிஎஃப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும். கட்டினார்களா இல்லையா என்பது உங்கள் யுஏஎன் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) கணக்கின் பாஸ்புக்கில் மாதாமாதம் பதிவாகியிருக்கும். அதைத் திறந்து பார்த்துவிட்டே சொல்லலாமே!

பாண்ட், அதாவது இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது பற்றிய அறிவுரையில்தான் ஜூனியர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, பயப்படாமல் கையெழுத்துப் போடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. தொகை, நிபந்தனை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உங்கள் டீமில் பாதியில் போனவர்களிடம் உண்மையிலேயே பணம் கேட்டார்களா, ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்தார்களா, அதைச் சொல்லுங்கள்.

நீங்களே ரெஃபர் செய்து, அவர் சேர்ந்தால் உங்களுக்கு போனஸ் வரும் என்றால், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் புகழ்ச்சியை எவ்வளவு நம்புவது என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் எழுதும்போது கவனம். "சம்பளம் 20 நாள் தாமதமாக வந்தது" என்பது நடந்த விஷயம். "மேனேஜர் ஒரு திருடன்" என்பது ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றினால் அவதூறு வழக்கு வரைக்கும் போகலாம். கிளையன்ட் விவரங்களையும் தொடாதீர்கள்.

நீங்கள் வெளியே வந்து நாளாகிவிட்டது என்றால், இப்போது அங்கே இருக்கும் ஒருவரோடு பேச வையுங்கள். நம்பர் கொடுப்பதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.