வெளியில் வாழும் பூனைகளுக்குப் பனிக்கால வீடு

டொராண்டோவில் ஜனவரி வந்துவிட்டால் இரவில் மைனஸ் 10 எல்லாம் சகஜம், சில இரவுகளில் மைனஸ் 20 வரைகூடப் போகும். தெருப்பூனைகளைப் பார்த்துப் பாவப்பட்டு, அட்டைப்பெட்டியில் பழைய போர்வையைப் போட்டு வெளியே வைத்துவிடுகிறோம். தயவுசெய்து அது வேண்டாம். பூனையின் காலில் ஒட்டி வரும் பனி, மூச்சு விடும் ஈரம் எல்லாவற்றையும் துணி உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் அது விறைத்துப்போய் படுத்திருக்கிற பூனையின் உடம்புச் சூட்டையே இழுத்துவிடும்.

மீன்கடைகளுக்கு மீன் வந்து இறங்கும் தடித்த தெர்மோகோல் பெட்டி இருக்கிறதே, அதுதான் இதற்கு அருமையான சாமான். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, மீன்வாடை போகும்வரை காயவிடுங்கள், இல்லாவிட்டால் ரக்கூன் தேடி வரும். ரொம்பப் பெரிய பெட்டி எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஒரே அடுப்பு பூனையின் உடம்புதான், அது சூடாக்கக்கூடிய அளவு இடம் போதும், இரண்டு பூனை சுருண்டு படுக்கிற மாதிரி.

வாசல் 6 அங்குல அகலம் இருந்தால் சரி. அடியிலிருந்து 3 அங்குலமாவது விட்டு, ஒரு ஓரமாக வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் காற்று நேரே பூனைமேல் அடிக்கும். வெட்டிய விளிம்பில் டக்ட் டேப் ஒட்டி, மூடியையும் சுற்றி ஒட்டிவிடுங்கள். தெர்மோகோலைப் பூனை பிறாண்டும், காற்றும் தூக்கிப்போகும், அதனால் அதே இடத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இதை இறக்கி, மேலே செங்கல் வைத்தால் பலமாக இருக்கும்.

உள்ளே வைக்கோல் மட்டும். கால்நடைத் தீவனமாக விற்கும் காய்ந்த புல்லை மாற்றி வாங்கிவிடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை கட்டும். வைக்கோல் தண்டு உள்ளே வெறும் குழாய், ஈரம் அவ்வளவாக ஏறாது, பூனை குடைந்து உள்ளே புதைந்துகொள்ளும். அழுத்தித் திணிக்காமல் முக்கால் பெட்டிக்குப் போடுங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி, வாசல் சுவரைப் பார்த்து இருக்கும்படி, பூனை நுழைய இடைவெளி விட்டு வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் உள்ளே போகவே கூடாது, கொட்டினால் எல்லாம் வீண். பனி கொட்டிய காலையில் வாசலைச் சுரண்டித் திறந்துவிடுங்கள், வைக்கோலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், நமத்திருந்தால் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.