பெனால்டி போன பிறகு: கடவுள் நம்பிக்கையுள்ள இளம் கால்பந்து வீரருக்கு

"வேண்டிக்கிட்டுத்தானே இறங்கினேன், அப்புறம் ஏன் கோல் விழல?" தோற்ற அன்று இளம் வீரர்கள் கேட்கிற கேள்வி இது. எதிரணி கோல்கீப்பரும் வேண்டிக்கொண்டுதான் இறங்கியிருப்பார்! வெற்றியைக் கேட்டு வேண்டினால், ஒவ்வொரு தோல்வியும் நம்பிக்கையையும் சேர்த்தே அடிக்கும். உங்கள் கையில் இருப்பதைக் கேளுங்கள்: பதறாமல் இருக்க, சக வீரரைத் திட்டாமல் இருக்க, கடைசி விசில் வரை ஓட.

பிரார்த்தனையை வார்ம்-அப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். அரை நிமிடம் போதும். "எல்லைக்கோட்டை மூன்று முறை தொடாவிட்டால் தோற்றுவிடுவோம்" என்று சடங்கு ஆட்டத்துக்கு ஆட்டம் நீண்டுகொண்டே போனால், அது பக்தி அல்ல, பயம். அதை வெட்டிவிடலாம்.

இனி பெனால்டி. ஆட்ட நேரத்தில் 11 மீட்டர் தூரத்திலிருந்து அடித்த பந்தைக் கீப்பர் தட்டிவிட்டால் ஆட்டம் நிற்பதில்லை. திரும்பி வரும் பந்தை நீங்களே மறுபடி அடிக்கலாம். கம்பத்தில் மட்டும் பட்டு வந்தால், வேறொருவர் தொடும்வரை நீங்கள் தொடக்கூடாது. தொட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரே கோல் அடிக்க முடியாத உதை. தலையில் கைவைத்து நிற்கும் அந்த இரண்டு நொடியில்தான் எதிரணி பந்தோடு பாதி மைதானம் தாண்டிவிடுகிறது. வருத்தப்பட ராத்திரி இருக்கிறது.

அன்று இரவு வீடியோவைப் பார்க்க வேண்டாம். மறுநாள் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, எதை மாற்றுவேன், யாரிடம் பேச வேண்டும். "நான் உதவாக்கரை" என்பது நடந்ததல்ல. "ஓடிவரும்போது மனசு மாறி, இடது மூலையை விட்டு வலது பக்கம் அடித்தேன்" என்பதே நடந்தது. பெனால்டி வீணாவதற்கு அடிக்கடி காரணமாவதும் இந்தத் தடுமாற்றம்தான்.

மருந்து எளிது. வாரம் மூன்று நாள், பயிற்சி முடிந்து கால் சோர்ந்த பிறகு ஐந்து கிக். பந்தை வைக்கும் முன்பே மூலையைத் தீர்மானியுங்கள், விசிலுக்குப் பின் ஒரு மூச்சு விடுங்கள், முடிவை மாற்றாதீர்கள். கோலில் கீப்பர் கட்டாயம் நிற்கட்டும், மற்றவர்கள் பின்னால் நின்று கத்தட்டும். காலி கோலில் அடித்துப் பழகுவது வீண்.

பௌத்தரான இத்தாலி வீரர் ராபர்ட்டோ பாஜியோ 1994 உலகக் கோப்பை இறுதியில், ஆட்டம் சமனான பிறகு நடந்த ஷூட்-அவுட்டில் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். பிரேசில் கோப்பையைத் தூக்கியது. 1998 உலகக் கோப்பையில் இத்தாலியின் முதல் ஆட்டம், சிலிக்கு எதிராக. கடைசி நிமிடங்களில் பெனால்டி கிடைத்தபோது அடித்தவரும் அவர்தான். கோல் விழுந்தது, ஆட்டம் 2-2.

பெஞ்சில் உட்கார வைத்தால் ஆட்ட நாளன்று கோச்சிடம் கேட்காதீர்கள். அடுத்த பயிற்சியில், "ரெண்டு வாரத்துல எதைச் சரிபண்ணணும் சார்?" என்று கேளுங்கள். "என்னை ஏன் எடுக்கல?" என்றால் சமாதானம்தான் கிடைக்கும். ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகியும் திரும்பவில்லை என்றால் வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பிரார்த்தனை அதற்குத் தடையில்லை, மாற்றும் இல்லை.

நோன்பு இருப்பவர்கள் கோச்சிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடும் ஓட்டப்பயிற்சியை நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, இரவு முழுக்கத் தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள்.

கைக்கயிறு, சிலுவைச் செயின், தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். டேப் ஒட்டி மறைக்கவும் விதி அனுமதிக்காது. உள் பனியனில் கடவுள் வாசகம் எழுதிக் காட்டுவதும் கூடாது. ஜெர்சியைக் கழற்றிக் கொண்டாடினால் மஞ்சள் அட்டை. தலையை மூடும் துணிக்கு 2014 முதல் அனுமதி உண்டு: கறுப்பாகவோ ஜெர்சி நிறத்திலோ, ஜெர்சியோடு இணைக்காமல் இருக்க வேண்டும்.