லைப்ரரியை வெளியிடும் முன் ஒரு காலி ஃபோல்டரில் சோதியுங்கள்

தனியாளாக ஒரு பைதான் லைப்ரரி எழுதி, பைதான் லைப்ரரிகளைப் பகிரும் பொதுத் தளமான பைபிஐயில் (PyPI) ஏற்றப் போகிறீர்களா? அதற்கு முன் கோடு (code, நிரல்) இருக்கும் ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, புதிதாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி பைதான் சூழல்) உருவாக்கி, பில்ட் செய்த வீல் ஃபைலை (நிறுவத் தயாரான தொகுப்பை) அதில் நிறுவி, இம்போர்ட் செய்து பாருங்கள். பழைய ஃபோல்டரிலேயே நின்று சோதித்தால், பைதான் பெரும்பாலும் பக்கத்தில் கிடக்கும் மூல ஃபைல்களையே எடுத்துக்கொள்ளும். வீலில் ஏதாவது விடுபட்டிருந்தாலும் தெரியாது. என் 0.3.0 வெளியீட்டில் இப்படித்தான் ஒரு ஜேசான் ஃபைல் விடுபட்டு, நிறுவிய எல்லோருக்கும் பிழை வந்தது.

சரி, அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமே என்றால், முடியாது. பைபிஐயில் ஒருமுறை ஏற்றிய ஃபைல் பெயரை, அழித்த பிறகும் திரும்பப் பயன்படுத்த விடமாட்டார்கள். 0.3.1 என்று அடுத்த எண்ணுக்குத்தான் போக வேண்டும். பழையதை அழிப்பதைவிட ‘யாங்க்’ செய்வது, அதாவது திரும்பப் பெற்றதாகக் குறித்துவைப்பது நல்லது. சரியாக அந்த எண்ணையே குறிப்பிட்டுக் கேட்பவர்களுக்குக் கிடைக்கும்; மற்றவர்களுக்கு, லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் (pip) அதைத் தவிர்த்துவிடும்.

ஒத்திகைக்கு பைபிஐயின் சோதனைத் தளமான டெஸ்ட்பைபிஐ இருக்கிறது, தனிக் கணக்கு தொடங்க வேண்டும். அப்புறம், லைசென்ஸ் ஃபைலை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல், கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும் அதை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை யாருக்கும் வராது.