டர்போ பெட்ரோல் கார்: மைலேஜ் எங்கே கரைகிறது?

ஷோரூம் தாளில் லிட்டருக்கு 18 என்று போட்டிருக்கும். மதுரையில் கோரிப்பாளையம், சிம்மக்கல், காளவாசல் என்று ஒரு வாரம் சுற்றினால் 10 வருவதே பாடாக இருக்கும். உடனே வண்டியில் கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த 18 ஆய்வகத்தில் வந்த எண். வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, சுமார் 20 நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். வெயில், மேம்பாலம், சிக்னல் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. உங்கள் வண்டி உங்கள் சாலையில் என்ன தருகிறது என்பதை நீங்களேதான் அளக்க வேண்டும். அளக்காமல் ஸ்பார்க் பிளக், சென்சார் என்று மாற்றத் தொடங்கினால் பணம்தான் போகும்.

காலையில், வழக்கமாகப் போகும் பங்கில், ஒரே பம்ப்பில் டேங்கை நிரப்புங்கள். முதல் ஆட்டோ கட்டில் (பம்ப் தானாக நிற்கும் இடத்தில்) நிறுத்திவிட வேண்டும். கட் ஆனதும் தொகையை ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கி, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அதே பம்ப்பில் அதே மாதிரி நிரப்புங்கள். 412 கிலோமீட்டருக்கு 33.6 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12.26. ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வர முடியாது. மூன்று டேங்க்கின் சராசரிதான் நம்பத் தகுந்தது. டிஸ்ப்ளேயில் தெரியும் எண் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

டயர் அளவை மாற்றியிருந்தால் கிலோமீட்டர் கணக்கே தவறும். 205/55 ஆர்16 இருந்த இடத்தில் 225/45 ஆர்17 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட அதேதான், கவலையில்லை. 215/60 ஆர்16 போட்டால் விட்டம் 5 சதவீதம் கூடும். மீட்டர் 400 காட்டும்போது வண்டி 420 ஓடியிருக்கும். மேலூர் நான்குவழிச் சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டி, போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பூஸ்ட்தான் குடிக்கிறது

டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். டர்போ இன்ஜினுக்கு இரண்டு குணம் உண்டு. சமதளத்தில் 80-ல் சீராகப் போகும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாயில்) காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவுதான். டர்போவுக்கு அப்போது வேலையே இல்லை. அந்த நேரத்தில் அது ஒரு சாதாரணச் சின்ன இன்ஜின். 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கலவையில் சிக்கனமாக எரியும் (எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த எண் சற்றுக் குறையும்). முழுதாக மிதித்தால் பூஸ்ட் ஏறும். கூடுதலாக நுழைகிற காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வேண்டும். அதோடு வால்வும் கேட்டலிஸ்ட்டும் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) சூட்டில் கருகாமல் இருக்க, ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) எரிப்புக்குத் தேவையானதைவிட அதிகப் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கும். பல இன்ஜின்களில் கலவை 12-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்ததும் மூன்று நொடி முழு மிதி, அடுத்த சிக்னலில் பிரேக் என்று ஓட்டினால், அந்த மூன்று நொடிகளில்தான் மைலேஜ் போகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் சொருகுவாயில்) ப்ளூடூத் டாங்கிள் ஒன்றைச் செருகி, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் போனில் ஓட விடுங்கள். 100 கேபிஏ (கிலோபாஸ்கல்) என்பது வெளிக்காற்றின் அளவு. அதைத் தாண்டாமல் எத்தனை நேரம் ஓட்ட முடிகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். திரையைப் பார்க்கும் வேலை பக்கத்தில் இருப்பவருக்கு. அதற்காக 1,200 ஆர்பிஎம்மில் ஐந்தாம் கியரைப் போட்டு இன்ஜினைத் திணறடிக்க வேண்டாம். அதில் நாக்கிங்தான் (கலவை தானாக வெடித்து எழும் தட்டல்) வரும், சிக்கனம் வராது.

மதுரை வெயில் இதைக் கூட்டும். அக்னி நட்சத்திர மதியத்தில், நெரிசலில் நின்று நின்று போகும்போது இன்டேக் காற்றின் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். காற்று சூடானால் நாக்கிங் அபாயம். ஈசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தும். வேகம் குறைகிறதே என்று நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள். சாலை கிடைத்து ஓடத் தொடங்கியதும் இன்டேக் காற்றின் சூடு வெளி வெப்பத்தைவிட 10-15 டிகிரி கூடுதல் என்ற அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முகப்பில் பூச்சியும் புழுதியும் அடைத்திருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவுங்கள்; பிரஷர் வாஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஏர் ஃபில்டரை எல்லோரும் குற்றம் சொல்வார்கள். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் அது அடைத்தால் பிக்கப் குறையும், மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியாது. பார்க்க வேண்டியது இன்டர்கூலர் குழாய் மூட்டுகளை. மூட்டில் எண்ணெய்ப் பசை கசிந்து, அதன் மேல் புழுதி கறுப்பாக ஒட்டியிருந்தால், மிதிக்கும்போது உஸ்ஸென்ற சத்தம் வந்தால், காற்று ஒழுகுகிறது. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (நுழையும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில் அளந்த காற்று வழியிலேயே போய்விடும், பெட்ரோல் மட்டும் முழு அளவு தெளிக்கப்படும். கிளாம்ப்பை மாற்றினால் போதும். டாங்கிளிலேயே லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்மையும் (ஈசியு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் நீண்டகாலத் திருத்தம்) பாருங்கள்: கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10 தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூலன்ட் சூடு 80-ஐத் தொடாமலே ஓடுகிறதென்றால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்ப அடைத்துத் திறக்கும் வால்வு) திறந்தபடி சிக்கியிருக்கலாம்; சூடேறாத இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

பெட்ரோல், டயர், பிரேக்

எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்த இ20-ல், கணக்குப்படி சுமார் 7 சதவீத ஆற்றல் குறையும். இது வண்டியின் குற்றமில்லை. கையேடு 95 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) கேட்டால் அதையே போடுங்கள். கேட்காத வண்டிக்கு 100 ஆக்டேன் வீண் செலவு.

டயருக்குக் காற்று பிடிக்க வேண்டியது வண்டி ஓடாத காலையில். திருமங்கலத்திலிருந்து மதியம் ஓட்டி வந்து, சூடான டயரில் 33 பிஎஸ்ஐ பார்த்து வைத்தால், மறுநாள் காலை அது 29-30 ஆகியிருக்கும். அளவு டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் மாதிரி நெருடினால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, நான்கு வீலுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள்; தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து அதற்குரிய கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும்.

திருமங்கலம் தாண்டி விருதுநகர் சாலையில் 80-ல் போவதற்கும் 120-ல் போவதற்கும் காற்றெதிர்ப்பு இரண்டே கால் மடங்கு வித்தியாசம். இதைச் சரிசெய்ய எந்த உதிரிபாகமும் கிடையாது.

கொடைக்கானல் போய் வந்த டேங்க்கைச் சராசரியில் சேர்க்காதீர்கள். 1,400 கிலோ வண்டியை 2,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 3 லிட்டர் ஆகும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்று நினைப்பது தவறு. கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலுக்கான பெட்ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் இரண்டாம், மூன்றாம் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கும் சூடேறாது.